எண்ணூறு மீட்டரின் ஏழாவது பாட்டு

கிளோடோமிரோ ரிஃபோ செத்து எட்டு வருடம் கழித்து, 2002 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, தரைக்கு அடியிலிருந்து பேசினார். "மெதுவா அடிங்கடா, கூரை பலவீனமா இருக்கு" என்பதுதான் அவர் சொன்னது. அன்று புன்டா சோர்டாவில் மாவு கிலோ முந்நூற்று நாற்பது பெசோ, கடல் அமைதி, காற்று தெற்கிலிருந்து. அவர் பேசியதில் ஊருக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எண்ணூறு மீட்டர் ஆழத்தில், கடலுக்கு அடியில் ஓடும் நிலக்கரிச் சுரங்கத்தில் கம்பெனி அவரை விட்டுவிட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். 1994 செப்டம்பரில் கூரை சரிந்தபோது மூன்று நாள் தோண்டினார்கள். நான்காம் நாள் பொறியாளர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐந்தாம் நாள் அந்தக் கிளைப்பாதையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். வீட்டுக்கு ஒரு சவப்பெட்டி வந்தது. பளபளப்பான பெட்டி, ஆள் இல்லை. தூக்குகிறவர்களுக்குக் கனம் தெரியட்டும் என்று உள்ளே இரண்டு மூட்டை மணல் வைத்திருந்தார்கள். அவர் மனைவி ஓர்ஃபெலினா அந்த மணலைக் கொல்லையில் கொட்டி முள்ளங்கி போட்டாள், பெட்டியைக் கோழி அடைக்க வைத்துக்கொண்டாள். அடக்கம் என்று சொல்லிக் கல்லறைக்குப் போக மறுத்துவிட்டாள். மூன்று வருடம் கழித்துக் கம்பெனி சுரங்கத்தையே மூடிவிட்டுப் போனது. போகிறபோது ஷிப்ட் முடிந்ததும் ஊதுகிற சங்கையும் கழற்றிக்கொண்டு போனது. அந்தச் சங்கை வைத்துக்கொண்டு தலைநகரத்தில் என்ன செய்தார்களோ, நாசமாய்ப் போகட்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டால் கொன்செப்சியோன் நகரத்தார் சிரிப்பார்கள். இரண்டு சொல் சொல்வோம், நிற்போம், இன்னும் இரண்டு சொல் சொல்வோம். சுரங்கத்தில் பக்கத்தில் ஒருவன் பாறையில் சம்மட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது அடியின் மேல் பேசினால் காதில் விழாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் சொல்லை வைக்க வேண்டும். நூற்றைம்பது வருடம் ஆண்கள் கீழே அப்படிப் பேசி, அதே பழக்கத்தில் மேலே வந்தும் பேசி, பெண்களும் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சும் அப்படித்தான், சண்டையும் அப்படித்தான். பாதிரியார்கூட வந்த இரண்டாம் வருடமே அப்படிப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார்.

கிளோடோமிரோவைப் பேசவைத்தது அவருடைய மகன் யெர்க்கோவின் இசைக்குழு. யெர்க்கோவுக்கு அப்போது இருபது வயது. குழுவின் பெயர் எண்ணூறு மீட்டர். அப்பா கிடக்கும் ஆழத்தைப் பெயராக வைத்தான். ஓட்டப்பந்தயக் குழு என்று நினைத்து நகராட்சி அவர்களுக்கு மூன்று ஜோடி காலணி கொடுத்தது. அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். யெர்க்கோ குரல், பெந்தெகொஸ்தே சபைப் போதகரின் மகன் கமலியேல் கிதார், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த யாஸ்னா டிரம்ஸ். மெட்டல்கோர் என்று அதற்குப் பெயர். யெர்க்கோ பாடமாட்டான், கத்துவான். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, ஒரு சொல் புரியாமல் கத்துவான். ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆள் செத்த வீட்டிலிருந்து எட்டு வருடம் தாமதமாக வருகிற சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். சுரங்க வாயிலில், தொழிலாளிகள் விளக்கு வாங்கிக்கொண்டு இறங்கும் பழைய விளக்குக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். அந்த இசையில் பாட்டின் நடுவே ஓர் இடம் வரும். தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் சட்டென்று நின்று, கிதாரும் டிரம்மும் ஒரே கையாக, மெதுவாக, கனமாக, இடைவெளி விட்டு விட்டு அடிக்கும். பிரேக்டவுன் என்பார்கள். கேட்க வந்த பையன்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு ஆடுவது அந்த இடத்துக்காகத்தான். கீழே இருந்த மனிதருக்கு அது சம்மட்டி அடியாகக் கேட்டது. பழக்கப்பட்ட இடத்தில் தன் சொல்லை வைத்தார்.

முதலில் கேட்டவள் யாஸ்னா. குச்சியை நிறுத்திவிட்டு, "யாருடா அது நடுவுல பேசறது? கமலியேல், உங்கப்பன் ஏதாச்சும் ஆவிய அனுப்பிட்டாரா?" என்றாள்.

"எங்கப்பா கூப்பிட்டா பரிசுத்த ஆவிதான் வரும். அது கூரையைப் பத்தியெல்லாம் கவலப்படாது" என்றான் கமலியேல்.

மறுபடி அடித்தார்கள். இடைவெளிகளில் அதே குரல், "இன்னிக்கி யாரு… மேஸ்திரி?" என்று கேட்டது. யெர்க்கோ உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வயதில் உப்பை எடு என்று கடைசியாகக் கேட்ட குரல் அது. எழுந்து, "அப்பா" என்று கத்தினான். ஆனால் கத்திக் கத்திப் பழகியவன், வழக்கம்போல் அடியின் மேலேயே கத்தினான். அடுத்த இடைவெளியில் கிளோடோமிரோ, "யாருக்கோ… அடிபட்டிருக்கு… போய்ப் பாருங்கடா" என்றார். யெர்க்கோ பிறகு எத்தனையோ முறை முயன்றான். இரண்டு அடிக்கு நடுவே மெல்லிய குரலில் ஒரு சொல் வைக்க ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். மெட்டல்கோருக்காக அவன் தன் தொண்டையை வேறு மாதிரி வளைத்துவிட்டான், அது திரும்பி வளையவில்லை. கடைசிவரை அவன் அப்பாவுக்கு அவன் எங்கோ அடிபட்டுக் கிடக்கிற ஒருவன்தான்.

மறுநாள் ஓர்ஃபெலினா வந்தாள். பொது அடுப்பில் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "அடிங்க" என்றாள். அடித்தார்கள். எட்டு வருடம் கழித்துப் புருஷனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கு ரொட்டியில… வெங்காயம் வெச்சேனே… சாப்பிட்டீங்களா?" என்பது.

"பாதி… எலி தின்னுருச்சு" என்றார் கிளோடோமிரோ. பிறகு, "சங்கு… ஊதிருச்சா, ஓர்ஃபே?"

விபத்து நடந்த அன்று ஆபத்துச் சங்கு மட்டும்தான் ஊதியது, ஷிப்ட் முடிகிற சங்கு ஊதவேயில்லை. சங்கு ஊதாமல் வேலையை விட்டு வருகிற ஆள் இல்லை அவர். எட்டு வருடமாக அந்த இருட்டில் கரி வெட்டிக்கொண்டிருந்தார். ஓர்ஃபெலினா யோசித்தாள். ஊதியாயிற்று என்று சொன்னால் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியாது. "இன்னும்… இல்லீங்க" என்றாள். அதன்பின் ஒன்றரை வருடம், ஞாயிறு தவிர, தினமும் நாலு மணிக்கு அதே கேள்வி, அதே பொய். இது பாவம் என்று போதகர் சொன்னார். "ஒங்க பொண்டாட்டி… கூடவே இருக்கா… ஒங்களுக்கென்ன?" என்று ஓர்ஃபெலினா கேட்டாள். அவளுக்காக ஒரே பிரேக்டவுனை நாளுக்கு முப்பது நாற்பது தடவை அடித்து அடித்து, நாட்டிலேயே இவர்கள் அளவுக்குக் கச்சிதமாக அதை அடிக்கிற குழு வேறு இல்லை என்றாகிவிட்டது. அந்தப் பாட்டே பிறகு ஆல்பத்தில் ஏழாவது பாட்டானது.

2004இல் ஆல்பம் போட முடிவு செய்தபோது ஓர்ஃபெலினா மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு குரல அந்த இசைத்தட்டுல புடிச்சுக் குடுத்துடு. நாளைக்கு நீ சான்தியாகோ போயிடுவ. யாஸ்னா கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் எனக்கு யாருடா டிரம்மு அடிப்பா?"

"சத்தியமா புடிச்சுத் தரேம்மா" என்றான் யெர்க்கோ. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

கொன்செப்சியோனிலிருந்து அலிரோ என்ற ஒலிப்பதிவாளர் கருவிகளோடு வந்தார். கும்பியா ஆட்டக் குழுக்களைப் பதிவு செய்தே வயிறு வளர்த்தவர். ஒல்லி ஆள், காது மட்டும் பெரியது. கிளோடோமிரோவைப் பற்றிச் சொன்னபோது, "சரி, ஒரு மைக்கு தரைக்கிட்ட வெச்சிடலாம்" என்றார், அவ்வளவுதான். இதைவிட மோசமான பாடகர்களைப் பார்த்திருக்கிறார். ஒன்பது நாள் பதிவு நடந்தது. கிளோடோமிரோ ஒவ்வொரு இடைவெளியிலும் தெளிவாகப் பேசினார். கூரையைப் பற்றி, எலியைப் பற்றி, 1981இல் ஓர்ஃபெலினா கட்டியிருந்த பச்சைப் பாவாடையைப் பற்றி. பத்தாம் நாள் ஓர்ஃபெலினாவுக்குப் பொது அடுப்பில் முறை, அவள் வரவில்லை. ஏழாவது பாட்டைக் கடைசியாக ஒருமுறை அடித்து முடித்ததும், பதிவு வேலையில் எல்லோரும் செய்வதுபோல் அலிரோ ஒலிபெருக்கியில் சத்தமாக, "முடிஞ்சுது! எல்லாரும் வீட்டுக்குப் போலாம்!" என்றார்.

கீழேயிருந்து, "அப்பாடா" என்று ஒரு சொல் வந்தது. கருவியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ நடந்து போகிற சத்தம், அது கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாஸ்னா மட்டும் மறுபடி குச்சியை எடுத்து ஒரு மணி நேரம் அடித்தாள். பதில் இல்லை. "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்" என்றான் யெர்க்கோ. "தட்டு வரட்டும். தட்டுலதான் இருக்காரே." அம்மாவிடம், பதிவு முடிந்ததால் தட்டு வரும்வரை ஒத்திகை இல்லை என்று சொன்னான். அவளும் நம்பினாள்.

பதிவு செய்ததைச் சீராக்கும் வேலை கொன்செப்சியோனில், செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இருந்த அலிரோவின் அறையில் நடந்தது. மூன்று வாரம். இந்த இசையில் இரண்டு அடிக்கு நடுவே உள்ள அமைதி கத்தரித்ததுபோல் இருக்க வேண்டும். கிதாரின் இரைச்சல், டிரம்ஸின் பித்தளைத் தட்டு நடுக்கம், மூச்சு, எதுவும் கசியக்கூடாது. அமைதி எவ்வளவு செத்துக் கிடக்கிறதோ அவ்வளவு பலமாக அடுத்த அடி விழும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான சத்தம் வந்தால் கதவைச் சாத்திவிடும். உலகத்தில் இந்த இசை செய்கிற எல்லோரும் அந்தக் கதவைப் போடுகிறார்கள். இவர்களும் போட்டார்கள். ஏழாவது பாட்டின் அந்த நாற்பது விநாடியை அவர்கள் எண்ணூறு தடவையாவது கேட்டிருப்பார்கள். அத்தனை தடவை கேட்டவன் காதில் பெற்ற தாயின் பெயரைச் சொன்னாலும் தாளம்தான் விழும். அலிரோ கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக் காட்டினார். அடி, ஒன்றுமில்லை, அடி, ஒன்றுமில்லை. யெர்க்கோ மறுபடி போடச் சொன்னான். கமலியேல் போதகர் மகன் என்பதை மறந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

யாஸ்னா, "இதுல என்னமோ கொறையுதே" என்றாள்.

"எரைச்சல்தான் கொறையுது" என்றான் யெர்க்கோ. "சுத்தமா இருக்கு. இதான் வேணும். இதான் நாம."

அந்தச் சந்தோஷத்தில் மூவரும் கீழே போய் மீன் பொரியல் தின்றார்கள், வைன் குடித்தார்கள். தட்டு அச்சுக்குப் போனது. அலிரோ வழக்கம்போல் திங்கட்கிழமை தன் கணினியிலிருந்த பதிவையெல்லாம் அழித்து அடுத்த கும்பியா குழுவுக்கு இடம் செய்துகொண்டார்.

வெளியீடு ஆகஸ்டில், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் அரங்கில், மாலை நாலு மணிக்கு. அந்த நேரம் ஓர்ஃபெலினா கேட்டது. முதல் வரிசையில் கறுப்புக் கோட்டு போட்டு, தலை வாரி, மடியில் துணியில் சுற்றிய வெங்காய ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஊரே வந்திருந்தது. கச்சேரிக்கு முன்னால் அவளுக்காக ஏழாவது பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பிரேக்டவுன் வந்தது. அடி விழுந்தது. பிறகு அமைதி. அரங்கில் இருமிக்கொண்டிருந்தவரின் இருமல் அந்த இடத்தில் இல்லை. கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது, வாய் திறந்திருந்தது, அழுகை இல்லை. வெளியே கடலும் கடல்காகங்களும் அந்த இடைவெளி அளவுக்கு இல்லாமல் போயின. அடுத்த அடி விழுந்ததும் எல்லாம் திரும்பி வந்தன, அதற்கடுத்த இடைவெளியில் மறுபடி போயின. பதினாறு இடைவெளி. ஓர்ஃபெலினா ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள். இரைச்சலோடு சேர்த்து அப்பாவையும் அந்தக் கதவு அழித்துவிட்டது என்று நாலாவது முறை யெர்க்கோவுக்குப் புரிந்தது. மேடையில் நின்றுகொண்டிருந்தவன் ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்கப்பா எங்கடா?" என்று கேட்டாள் ஓர்ஃபெலினா. யாஸ்னாதான் இறங்கி வந்து, சங்கு ஊதாமலே ஷிப்ட் முடிந்துபோனதையும், கதவு சாத்தியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓர்ஃபெலினா கேட்டு முடித்து ரொட்டியைப் பையில் வைத்தாள். "இவ்வளவு சுத்தமா… என் வீட்டக்கூட… நான் பெருக்கினதில்ல" என்றாள். மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு உண்டான காசை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனாள். பெற்ற பிள்ளையின் தட்டுக்குக் காசு வைத்தாள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆல்பம் வெற்றி. மெக்சிக்கோவிலும் பிரேசிலிலும் பத்திரிகைகள் அந்த அமைதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. சாவ் பாவ்லோவில் ஒருவன் வீட்டில் பாட்டின் இடைவெளிகளில் குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடி முட்டை கெட்டுப்போனது. இதையெல்லாம் பாராட்டாகவே எழுதினார்கள். யெர்க்கோ இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய் அந்தப் பாட்டைக் கத்தினான். ஒவ்வொரு ஊரிலும் பிரேக்டவுனில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர் கமலியேல் அப்பாவின் சபையை எடுத்துக்கொண்டான், யாஸ்னா மீன் ஆலைக்கே திரும்பினாள், யெர்க்கோ கொன்செப்சியோனில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தான். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவான். அவள் சாப்பாட்டுத் தட்டு வைப்பாள், சூப் ஊற்றுவாள், சட்டையில் பொத்தான் போயிருந்தால் தைத்துக் கொடுப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

2006 மார்ச்சில் மெக்சிக்கோவின் மொன்தெரே நகரத்திலிருந்து ஒரு பெண் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். ஏழாவது பாட்டின் இடைவெளிகளில் வயதான பெண் ஒருத்தி, கோழி முட்டையிடவில்லை என்று சொல்கிறாள், இது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டிருந்தாள். விசாரித்ததில் எல்லாத் தட்டிலும் அப்படித்தான் இருந்தது. நடந்தது இவ்வளவுதான். ஓர்ஃபெலினா தினமும் நாலு மணிக்குச் சமையலறையில் தட்டைப் போட்டு, தன் புருஷன் இருந்த அந்தப் பதினாறு இடைவெளிகளில் அன்றைய சேதியை இரண்டிரண்டு சொல்லாக வைத்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த இடம், வைத்தது தங்கிவிட்டது. அன்று அவள் சொல்வது அன்று முழுக்க உலகத்தில் உள்ள எல்லாத் தட்டிலும் இருக்கும், மறுநாள் மாறிவிடும். தட்டு வெளியிட்ட கம்பெனி மறுபதிப்புப் போட்டுப் பார்த்தது, அதிலும் வந்தாள். அலிரோவைக் கேட்டார்கள். "கதவ நான்தான் சாத்துனேன். சாவி அந்தம்மாகிட்ட இருக்கு, நான் என்ன பண்ண?" என்று அவர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது. மொன்தெரேயில் கறுப்புச் சட்டை போட்ட பையன்களுக்குப் புன்டா சோர்டாவில் மாவு என்ன விலை என்று தெரியும். யாஸ்னாவுக்குக் குழந்தை பிறந்தபோது பிரேசிலிலிருந்து குல்லாய் வந்தது.

யெர்க்கோ தினமும் மாலை நாலே கால் மணிக்கு, கிடங்கின் தேநீர் இடைவேளையில், மூட்டைமேல் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஏழாவது பாட்டைக் கேட்பான். அம்மா பேசுவதைக் கேட்க அவனுக்கு வேறு வழி இல்லை. ஐந்து வருடமாக அதில் முள்ளங்கி வந்தது, கோழி வந்தது, முழங்கால் வலி வந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் வந்தது. அவன் பெயர் வந்ததில்லை. 2011 ஜூலையில் ஒரு புதன்கிழமை, பதினாறு இடைவெளியில் இருந்தது இது:

"மாவு… அறுநூத்திப் பத்து. கோழி… ரெண்டு செத்துருச்சு. மழ… விடல. யெர்க்கோவா? கேக்கறீங்களா? அவன் இன்னும்… மேல வரலைங்க. அங்கதான்… கத்திக்கிட்டிருக்கான். யாருமே… அவனுக்கு… சங்கு… ஊதல."

நாலரைக்கு இடைவேளை முடிந்தது. யெர்க்கோ காதிலிருந்து கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதி மூட்டைகளை ஏற்றப் போனான்.